பன்னிரண்டு அடியில் பசிபிக் கடல்

டொரண்டோவில் பனி கொட்டத் தொடங்கியதும் எங்கள் அலுவலகத்தில் ஒரு சடங்கு உண்டு. ஒரு வியாழக்கிழமை மாலை எல்லாரும் சேர்ந்து ஏதாவது ஒரு கோல்ஃப் சிமுலேட்டர் கூடத்துக்கு, அதாவது கூரைக்கு அடியில் நிஜப் பந்தைத் திரையில் அடித்துக் கோல்ஃப் ஆடும் இடத்துக்குப் போவார்கள். நான் மட்டும் ஆண்டுதோறும் ஒரு காரணம் சொல்லி நழுவிவிடுவேன். மகளுக்குக் காய்ச்சல், கார் ஸ்டார்ட் ஆகவில்லை, முதுகுப் பிடிப்பு என்று காரணங்கள் மாறும். உண்மையில் எல்லாம் வெட்கம்தான். சும்மா கிடக்கிற பந்தை அடிக்கத் தெரியாமல் காற்றை வீசிவிட்டு நிற்பதை மேலாளர் பார்க்க வேண்டுமா என்ன?

போன மே மாதம் மூன்று வாரம் சென்னைக்கு வந்தபோது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் அதே மாதிரி ஒரு சிமுலேட்டர் கூடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். உடனே தோன்றியது: தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்தில் முதல் அடியை அடித்துத் தொலைத்துவிடலாம். ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள கனடாவிலிருந்து சென்னைக்கு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தனியாகப் போகத் திட்டம். ஆனால் ஊரில் எதையும் தனியாகச் செய்ய முடியாது. 'முழுக்க ஏசி' என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் பெரிய மாமா கிளம்பிவிட்டார். வயது அறுபத்தெட்டு, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே அவருடைய பேத்தி, ஒன்பதாம் வகுப்பு. அக்னி நட்சத்திர வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்த மதியம் மூன்று மணிக்கு மூவரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். அங்கே பனிக்குப் பயந்து உள்ளே ஒதுங்குகிறார்கள், இங்கே வெயிலுக்கு. இரண்டு ஊருக்கும் கூரைதான் பொது.

தொலைபேசியில் பதிவு செய்தபோது ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் என்றார்கள். அது ஆளுக்கு இல்லை, ஆடுகிற ஒரு தடுப்பு அறைக்கு; நான்கு பேர் வரை மாற்றி மாற்றி அடிக்கலாம். புதிதாகப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள். சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா, பயிற்சியாளருக்குத் தனிக் கட்டணமா என்று. எனக்கு இரண்டையும் பில்லில்தான் சொன்னார்கள். தொகை பெரிதில்லை. வாயைத் திறந்து முன்பே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

உள்ளே நான்கு தடுப்பு அறைகள். ஒவ்வொன்றும் கல்யாண மண்டபத்து மணமகள் அறை அளவு இருக்கும், கூரை மட்டும் நல்ல உயரம். தரையில் பச்சை விரிப்பு. பன்னிரண்டு அடி தள்ளி சுவர் முழுக்க ஒரு கனத்த வெள்ளைத் திரை. அதில் புரொஜெக்டர் ஒரு புல்வெளியைக் காட்டிக்கொண்டிருந்தது. மாமா ஆறடி மனிதர், முதலில் பார்த்தது கூரையைத்தான். "மட்டை விளக்கில் படுமா?" என்று கேட்டார். படாது, ஆனால் பின்னால் நிற்கிறவர் மண்டையில் படும் என்றார் பயிற்சியாளர். ஒருவர் மட்டையைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் சோபாவை விட்டு எழக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஐம்பதை ஒட்டிய வயது, வெயிலில் வெந்த முகம். பன்னிரண்டு வயதில் நகரத்துக் கோல்ஃப் திடல் ஒன்றில் பை தூக்கும் கேடியாகச் சேர்ந்தவராம். நாங்கள் வளர்ந்த காலத்தில் கிண்டிப் பந்தயத் திடலுக்கு நடுவிலும் நந்தனத்திலும் கோல்ஃப் ஆடுவார்கள் என்று தெரியும். மதிலுக்கு வெளியே இருந்து பார்த்ததோடு சரி. இவர் மதிலுக்கு உள்ளே இருந்தார், ஆனால் மட்டையை அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கிற இடத்தில். திங்கட்கிழமைகளில் உறுப்பினர்கள் வராத நேரம் பார்த்து, உடைந்த மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு தானே அடித்துப் பழகியிருக்கிறார். 1991இல் இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற அலி ஷேரும் டெல்லியில் கேடியாக இருந்தவர்தான் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"டீ வைக்கட்டுமா சார்?" என்று அவர் கேட்க, மாமா யோசிக்காமல், "சர்க்கரை இல்லாமல்" என்றார். பந்தைத் தூக்கி நிறுத்துகிற குச்சிக்கும் டீ என்றுதான் பெயர் என்பதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விட்டது.

சுவரோரம் ஒரு பை நிறைய மட்டைகள் இருந்தன. ஆட்டக்காரர் ஒருவர் பதினான்கு மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பெரிய தலை வைத்த டிரைவர் மட்டையைத்தான் முதலில் உருவுகிறார்களாம். நானும் உருவினேன். அவர் அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு ஏழாம் எண் அயன் என்கிற உலோகத் தலை மட்டையைக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அது ஒன்றுதான். டிரைவர் நீளம், பந்தில் படுகிற முகமும் அதிகம் சாயாதது. கொஞ்சம் கோணலாகப் பட்டாலும் பந்து வலப்பக்கம் வாழைப்பழம் மாதிரி வளைந்து போய்விடும். ஏழாம் எண் அப்படிப் பழிவாங்காது.

பிடிமானத்துக்கே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். இடக்கை மேலே, வலக்கை கீழே, வலக்கைச் சுண்டுவிரல் இடக்கை ஆட்காட்டி விரலின் மீது ஏறி உட்கார வேண்டும். "பல் துலக்கும் பேஸ்ட் டியூபை மூடி இல்லாமல் பிடித்திருக்கிறீர்கள், பேஸ்ட் வெளியே வரக்கூடாது" என்றார். என் கையில் இருந்த டியூபில் பேஸ்ட் எப்போதோ தீர்ந்திருக்கும்.

முதல் வீச்சு காற்றில். இரண்டாவது பந்தின் தலையைத் தடவியது. திரையில் பந்து எட்டு கஜம் உருண்டு நின்றது. மூன்றாவது வீச்சு, பந்துக்கு முன்னால் இருந்த விரிப்பை அறைந்தது. அப்படியே பதினைந்து. சிறுவயதில் தெருவில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவன் என்ற திமிர் அதற்குள் இறங்கிவிட்டது. கிரிக்கெட்டில் பந்து நம்மைத் தேடி வரும், யோசிக்க நேரம் கிடையாது. இங்கே கிரிக்கெட் பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு வெள்ளை உருண்டை, நாம் என்ன செய்யப் போகிறோம் என்று பார்த்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. யோசிக்க நேரம் இருப்பதுதான் தொல்லை.

பதினாறோ பதினேழோ, சரியாக நினைவில்லை. கையில் ஒன்றுமே உறைக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அடுத்த கணம் திரையில் 'டொப்'. பந்து மேலே எழுந்து புல்வெளியின் நடுவில் விழுந்தது. 92 கஜம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் இதே மட்டையில் 170 கஜம் தாண்டுவார்கள். அது தெரிந்தும் நான் திரும்பிப் பார்த்தேன், மாமா கவனித்தாரா என்று. மாமா கைப்பேசியில் இருந்தார்.

பன்னிரண்டு அடி பறந்து துணியில் மோதி விழுகிற பந்துக்கு 92 கஜம் என்று எப்படித் தெரிகிறது? பந்துக்கு எதிரே தரையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் அதிவேகக் கேமராக்கள். மட்டை பட்ட கணத்தில் பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி மூன்றையும் படமெடுத்து அளந்துவிடுகிறது. மீதிப் பறப்பு முழுக்கக் கணக்கு. டென்மார்க்கின் டிராக்மேன் போன்ற வேறு வகைக் கருவிகள் ராடாரால் பந்தைத் தொடர்கின்றன. எதுவாக இருந்தாலும் திரை முழுக்க எண்கள் கொட்டும். புதியவர்களுக்கு அவற்றில் முக்கால்வாசி தேவையில்லை. பந்து எந்தத் திசையில் கிளம்பியது, மட்டையின் நடுவில் பட்டதா என்ற இரண்டை மட்டும் பார்க்கச் சொன்னார் அவர். தூரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அடுத்த வீச்சில் பலம் ஏறும், பலம் ஏறினால் பந்து தவறும். எனக்கு அப்படியேதான் நடந்தது.

ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு பொய்யும் உண்டு. அது பச்சை விரிப்பு. பந்துக்கு இரண்டு அங்குலம் முன்பே மட்டை தரையில் பட்டாலும் விரிப்பில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை ஓரளவு அடித்துவிடும். நிஜப் புல்லில் மட்டை மண்ணில் புதைந்து நின்றிருக்கும். "இங்கே அடித்ததை வைத்துக்கொண்டு திடலுக்குப் போனால் அழுவீர்கள்" என்றார் அவர். தன் கடைச் சரக்கின் குறையைத் தானே சொன்ன அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மாமாவின் முறை வந்தது. தோல் செருப்போடு வந்திருந்தார். இரவல் ஷூ கிடையாது என்று முகப்பில் கையை விரித்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு விரிப்பில் ஏறினார். திருமங்கலத்துப் பக்கம் கிட்டிப்புள் ஆடி வளர்ந்த கை அது. குழியில் குறுக்காக வைத்த புள்ளைக் கீழிருந்து நெம்பித் தூக்குவது போலவே பந்தையும் நெம்பப் பார்த்தார். பந்து நகரவே மறுத்தது. பயிற்சியாளர் மட்டையின் முகத்தைத் திருப்பிக் காட்டினார். அது முப்பது பாகையை ஒட்டிப் பின்னால் சாய்ந்திருக்கிறது. தூக்கிவிடும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். நீங்கள் கீழ்நோக்கி அடித்தால் போதும் என்றார். மேலே போக வேண்டுமென்றால் கீழே அடி என்பதை மாமா ஏற்கவில்லை. "அது எப்படி?" என்று ஐந்து நிமிடம் வாதாடினார். பிறகு கோபத்தில் ஓங்கிக் கீழே ஓர் அடி. பந்து அழகாக எழுந்து 70 கஜம் போனது. அதற்கப்புறம் மட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை.

பேத்திக்கு வேறு சிக்கல். அவள் இடக்கை. "முன்பே சொல்லியிருக்கலாமே" என்றாள் முகப்பில் இருந்த பெண். முன்பே கேட்டிருக்கலாமே என்று நான் சொல்லவில்லை. பை முழுக்கத் தேடி, இடக்கைக்காரர்களுக்கான மட்டை ஒன்றே ஒன்று கிடைத்தது, அதுவும் ஆள் உயரத்துக்கானது. எங்கள் தடுப்பில் இருந்த கேமராப் பெட்டியைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. அவளுக்குக் கிடைத்தது கடைசி இருபது நிமிடம். மட்டையைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு நான்காவது வீச்சிலேயே 80 கஜம் அடித்தாள். கிரிக்கெட்டும் கிட்டிப்புள்ளும் தெரியாதது அவளுக்கு எவ்வளவு பெரிய வசதி!

நடுவில் மின்சாரம் போனது. நான் மட்டையை ஓங்கியிருந்த நேரம். நிறுத்த முடியவில்லை; இருட்டுக்குள் அடித்தேன், எங்கோ 'டொப்' என்றது. ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் வந்துவிட்டது. கணினியும் புரொஜெக்டரும் தூக்கம் கலைந்து எழ எட்டு நிமிடம் ஆயிற்று. கேட்காமலே பத்து நிமிடம் கூட்டிக் கொடுத்தார்கள். இருட்டில் அடித்ததுதான் என் வாழ்நாளின் சிறந்த அடி என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். மறுக்க யாரிடமும் எண் இல்லை.

கடைசியாக ஒரு குழியாவது ஆடிப் பாருங்கள் என்று கலிபோர்னியாவின் பெபிள் பீச் திடலின் ஏழாவது குழியைத் திரையில் போட்டார். நூறு கஜத்தைச் சற்றே தாண்டும் தூரம், கீழே குழி இருக்கிற ஒரு சின்னப் பச்சைத் திட்டு, சுற்றிலும் பசிபிக். மாமா மூன்று பந்தைக் கடலில் போட்டார். ஒவ்வொரு முறையும் 'பொளக்' என்று சத்தம் வேறு. நான் இரண்டு. குழந்தையின் பந்து மட்டும் திட்டின் ஓரத்தில் ஒட்டியது. அதன்பிறகு, உருட்டித் தள்ளுவதற்கென்றே இருக்கும் 'பட்டர்' என்ற மட்டையால் குழிக்குள் தள்ள வேண்டும். இந்த இடத்தில் சிமுலேட்டர் படுத்துவிடுகிறது. தட்டையான விரிப்பில் நின்றுகொண்டு, திரையில் தெரியும் மேடு பள்ளத்தைக் கற்பனை செய்து தள்ளுவது அபத்தம். பல இடங்களில் குழிக்குப் பக்கத்தில் வந்தாலே போட்டதாக எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுகிறார்கள். அதுவே நல்லது.

மறுநாள் காலை இடது விலாவிலும் இரண்டு முன்கைகளிலும் வலி. கனத்த விரிப்பை ஒரு மணி நேரம் அறைந்ததன் கூலி. மூவர் போனால் ஒரு மணி நேரம் போதும். தனியாகப் போகிறவர்கள் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் கை பிழைக்கும். டொரண்டோவில் இதே மாதிரிக் கூடத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள், பந்தைப் பொறுக்கிக் கொடுக்கவும் ஆள் இருக்காது என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே ஒரு மனிதர் என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தனியாகக் கொடுத்த கட்டணத்தை அந்தப் பில்லிலேயே நியாயமான வரி என்பேன்.

திரும்பும்போது ஆட்டோவில் மாமா, "மாப்பிள்ளை, செவ்வாய்க்கிழமைக்குச் சொல்லிவிட்டேன்" என்றார். எனக்கு ஞாயிறன்று விமானம். பேத்தி என் சட்டையை இழுத்தாள். "மாமா, அடுத்த முறை சாக்லேட் வேண்டாம். இடக்கை மட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள். ஏழாம் எண்."

அந்த மட்டையின் நீளம் 37 அங்குலம். கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் மூலைக்கு மூலை குறுக்காக வைத்தால் அடங்குமா என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன்.