'150 வருடத்து அலமாரி' விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

எங்கள் சிறிய குடிலைப் பழைய மரச்சாமான்களாலும் ஓவியங்களாலும் அலங்கரிக்க ஆசைப்பட்டேன். இணைய விளம்பரம் மூலம் கிடைத்த ஒரு விற்பனையாளர், '150 வருடத்து முழுத் தேக்கு அலமாரி', 'கையால் தீட்டிய எண்ணெய் ஓவியம்' என்று இரண்டை விற்றார். இரண்டும் பொய். பணம் முழுவதையும் முதலிலேயே வாங்கிக்கொண்டவர், பொருள் வந்து இறங்கியதும் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அலமாரிக் கீல்களில் கூட்டல் குறித் தலையுள்ள திருகாணிகள் இருந்தன. அவை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தவை. பழுதுபார்த்தபோது யாராவது மாற்றியிருக்கலாம் என்று இழுப்பறையை உருவிப் பார்த்தால், அடிப்பலகை மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது! பக்கப்பலகைகளும் அதேதான், மேலே மெல்லிய தேக்குச் சீவல் ஒட்டியிருக்கிறார்கள். இதற்கு எந்தப் பழுதுபார்ப்பையும் சாக்குச் சொல்ல முடியாது.

கால்கள் மட்டும் நிஜ மரம். ஆனால் உளுத்த மரம். வண்டு துளைத்த ஓட்டைகளை நிறம் கலந்த மெழுகால் அடைத்து மறைத்திருந்தார். சில வாரங்களில் தரையில் வெளிறிய மாவு கொட்டத் தொடங்கியது. எனக்கு அடங்காத கோபம் இதில்தான். பொய்யான வயது என் பணத்தோடு போகும். வண்டோ வீட்டின் உத்தரம் வரை போகும். அதன் புழு மரத்துக்குள்ளேயே வருடக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். வண்டாகி வெளியேறும்போதுதான் ஓட்டை கண்ணில் படும். தெரிந்தே அதை இன்னொருவர் வீட்டுக்குள் அனுப்ப எப்படி மனம் வந்தது?

ஓவியம் வெறும் அச்சுப்படம். கான்வாஸ் துணியில் அச்சடித்து, மேலே நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்திருக்கிறார்கள். தடவினால் மேடுபள்ளம் தெரியும். ஆனால் இலையின் ஓரம் ஒரு பக்கம் வளைய, தூரிகைத் தடம் வேறு பக்கம் போகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் சீரான வண்ணப் புள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. அதே ஆள் இப்போது வேறொரு அலமாரியை விளம்பரப்படுத்தியிருக்கிறார், எல்லாப் படங்களும் முன்பக்கத்திலிருந்து மட்டும். வாங்க நினைப்பவர்கள் பின்பலகை, இழுப்பறையின் அடி, கால்களின் அடி, ஓவியத்தின் முதுகு ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு காசும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.