தூந்திரத்துக்கு எந்தச் சாலை: சரளையா, பனிக்கட்டியா?

அலாஸ்காவின் புருடோ விரிகுடாவில் 1968-ல் எண்ணெய் கிடைத்தது. அங்கே தரை தூந்திரம், அதாவது மரமில்லாத குளிர்ச் சமவெளி; அடியில் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் உறைமண். அதன் மேல் எப்படிச் சாலை போடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

சரளையை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கொட்டுகிறார்கள். அடியிலுள்ள உறைமண் இளகிவிடக் கூடாதே, அதற்குத்தான் அவ்வளவு உயரம். சிக்கல் சாலையோரத்தில் தொடங்குகிறது. லாரிகள் கிளப்பும் தூசு பனியில் படிகிறது. கறுத்த பனி வெயிலை இழுத்து, மற்ற இடங்களைவிட முன்னதாகவே உருகிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள அந்தத் தூசு ஸ்பாக்னம் பாசிக்கு ஆகாது; மடிந்துபோகிறது. பாசிதான் மண்ணுக்குப் போர்வை. அது போனதும் மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி கரைந்து, தரை குழிந்து குட்டையாகிறது.

பனிக்கட்டிச் சாலை ஏரித் தண்ணீரைத் தெளித்து உறைய வைப்பது. கோடையில் தானாகவே காணாமல் போகும். புல் திட்டுகள் கொஞ்சம் நசுங்கும், அவ்வளவுதான். ஆனால் அளவுக்கு மீறித் தண்ணீர் எடுத்தால் ஏரியில் குளிர்காலம் கழிக்கும் மீன்கள் பாடு திண்டாட்டம்.

இன்னொன்று, குளிர்காலம் என்பதாலேயே தைரியம் கொள்ள முடியாது. 1984, 1985-ல் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தில் எண்ணெய் தேடி வெறும் பனிமேல் ஓடிய வண்டிகளின் தடம் சில இடங்களில் இருபது வருடம் கழித்தும் தெரிந்தது.

சோதனைக் கிணறு வரை போய்வர என்றால் என் ஓட்டு பனிக்கட்டிக்கே. வருடம் முழுக்க லாரி ஓட வேண்டுமென்றால் சரளைதான் வழி. பனிக்கட்டிச் சாலைக்கு வேண்டிய குளிர்காலமும் சுருங்கிக்கொண்டே வருகிறது.