கேலிபரேஷன் ஸ்டிக்கரை நம்பி மீட்டரைத் தொடாதீர்கள்: மதுரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு

மதுரை, கப்பலூர், திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரத்தில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் தொழில் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மல்டிமீட்டர், ஆஸிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்), மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் பார்க்கும் கருவி) எல்லாவற்றுக்கும் வருடப் பராமரிப்பு, கேலிபரேஷன் (கருவி காட்டும் அளவு சரியா என்று துல்லியமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது), சர்டிபிகேட் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் பணத்தை இழந்தேன். அது கூடப் பரவாயில்லை. என்னிடம் வேலை செய்யும் பையனின் கை போயிருக்கும்.

எனக்குக் கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப். பஞ்சாலைகளின் டிரைவ் போர்டு, யு.பி.எஸ்., வெல்டிங் மெஷின் கன்ட்ரோல் கார்டு இவற்றைப் பழுது பார்க்கிறோம். கருவிகள் ஒர்க்‌ஷாப்பிலேயே இருப்பதில்லை, மில்லுக்கும் போய் வரும். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஒரு பகல் ஸ்கோப்பை ஓட்டினாலே பின்பக்க ஃபேன் ஜன்னலில் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த ஊரில் கருவிப் பராமரிப்பு என்பது ஆடிட்டுக்காகச் செய்கிற வேலை இல்லை, கருவி உயிரோடு இருக்கச் செய்கிற வேலை.

ஒப்பந்தத்தில் எல்லாமே எழுத்தில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே திறந்து தூசி எடுப்பது, ஃப்யூஸ், பேட்டரி, லீட் (அளக்கும் கம்பி) பார்த்துத் தேவையானதை ஒரிஜினலாக மாற்றுவது, வருடத்துக்கு ஒருமுறை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேலிபரேஷன். 24,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீதும் கொடுத்தார்.

மே மாதத்தில் நான் மில் வேலையாக வெளியூர் போயிருந்த அன்று அவருடைய ஆட்கள் இருவர் வந்தார்கள். கருவிகளை ஆய்வகத்துக்கு எடுத்துப்போகவே இல்லை. என்ன செய்தார்கள் என்று எங்களிடம் வேலை செய்யும் தம்பி பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பக்கத்து லேத் பட்டறையிலிருந்து கம்ப்ரஸர் ஹோஸை இழுத்து வந்து ஸ்கோப்பின் ஃபேன் ஜன்னலில் வைத்து முழு பிரஷரில் அடித்தார்கள். இதைவிட மோசமாக ஒரு ஸ்கோப்பைச் சுத்தம் செய்ய முடியாது. கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தே வரும். அந்தக் காற்றில் ஃபேன் கண்டபடி சுற்றினால் பேரிங் போகும், சுற்றுகிற மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பவும் செய்யும். வெளியே இருக்கிற பஞ்சு வெளியே வராது, உள்ளே போகும். முறையாகச் செய்கிறவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷும் வேக்குவமும் வைத்துத்தான் எடுப்பார்.

அப்புறம் கேலிபரேஷன். அவர்கள் கொண்டு வந்தது கையடக்கமான ஒரு லூப் கேலிபரேட்டர் மட்டும். பிராசஸ் கருவிகளுக்கு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கொடுக்கிற சாதனம் அது. அதை வைத்து ஸ்கோப்பை என்ன செய்ய முடியும்? ஸ்கோப்பின் புரோபை (தொட்டு அளக்கிற கம்பி), ஸ்கோப்பின் முகப்பிலேயே இருக்கிற 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் மாட்டி, அலை வந்ததும் 'ஓகே' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த முனை புரோபின் காம்பன்சேஷன் (அலையின் வடிவம் கெடாமல் புரோபைச் சரிசெய்வது) சரியா என்று பார்ப்பதற்காக இருக்கிறது. ஸ்கோப் கொடுக்கிற சிக்னலை வைத்து அதே ஸ்கோப்பை அளந்தால் என்ன தெரிந்துவிடும்? எங்களுடையது 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப். அந்த அலைவரிசையில் காட்டும் அளவு 70.7 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா என்று பார்க்க, அளவு மாறாத சைன் அலை கொடுக்கும் ஜெனரேட்டர் வேண்டும். ஸ்கோப்பை ஆன் செய்து அரைமணி நேரமாவது சூடேற விட வேண்டும். இவர்கள் ஆன் செய்த கையோடு பார்த்து, கையோடு ஆஃப் செய்துவிட்டார்கள்.

மெக்கருக்கு இன்னும் சுலபம். இரண்டு லீடையும் சேர்த்தால் பூஜ்யம், பிரித்தால் முடிவிலி, சரி. நடுவில் 1 மெகோம், 100 மெகோம் வைத்து ஒரு ரெசிஸ்டர் கூடப் போட்டுப் பார்க்கவில்லை. 1000 வோல்ட் ரேஞ்சில் உண்மையில் எத்தனை வோல்ட் வருகிறது என்றும் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லாக் கருவியிலும் பளபளவென்று பச்சை ஸ்டிக்கர். மறுநாள் சர்டிபிகேட் பி.டி.எஃப்.பாக வந்தது, மேலே என்.ஏ.பி.எல். சின்னம், ஆய்வகத்தின் எண்.

எங்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு கம்பெனியின் தர ஆடிட்டுக்கு வந்த பொறியாளர் அம்மாதான் முதலில் பிடித்தார். தாளைப் புரட்டிவிட்டு, "அண்ணே, இதுல அன்சர்டன்டியே இல்லையே? எந்த ஸ்டாண்டர்டை வச்சுப் பார்த்தாங்கன்னும் இல்ல. அந்த சி.சி. நம்பரை என்.ஏ.பி.எல். சைட்ல போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். அன்சர்டன்டி என்றால் அளவு எவ்வளவு வரை தவறியிருக்கலாம் என்ற கணக்கு, ஸ்டாண்டர்ட் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கிற துல்லியமான கருவி, சி.சி. நம்பர் என்றால் ஆய்வகத்தின் அங்கீகார எண்.

போட்டுப் பார்த்தோம். அந்த எண் உண்மையான எண்தான், ஆனால் வேறு ஊர் ஆய்வகம் ஒன்றுடையது. அங்கே போன் செய்து எங்கள் கருவிகளின் சீரியல் எண்களைச் சொன்னேன். "இந்தக் கருவி எதுவும் எங்களிடம் வரவே இல்லையே" என்றார்கள். சர்டிபிகேட் எண்ணின் வரிசையே அவர்களுடையது இல்லையாம்.

அதன் பிறகு தாளை நிதானமாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் பொய். அறை வெப்பநிலை 23 டிகிரி, ஈரப்பதம் 52 சதவீதம் என்று போட்டிருந்தது. அக்னி நட்சத்திரத்தில், ஏ.சி. இல்லாத என் ஒர்க்‌ஷாப்பில்! 100 வோல்ட்டுக்கு எல்லா மல்டிமீட்டரும் 100.02 காட்டியதாக ஒரே எண். அதில் ஒரு சின்ன மீட்டரின் திரையில் 100 வோல்ட் கொடுத்தால் 100.0 என்றுதான் வரும், இரண்டாவது தசம இலக்கத்தைக் காட்ட அந்தத் திரையில் இடமே கிடையாது. மீட்டரைத் தொடாமலே எண்ணை எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அன்று சாயங்காலமே எல்லாக் கருவியையும் மேஜையில் வைத்துத் திறந்தோம். ஸ்கோப்பின் உள்ளே பவர் சப்ளை ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் பஞ்சு விளக்குத் திரி போல முறுக்கிக்கொண்டு கிடந்தது. சில நாட்களாக மத்தியான வேளையில் ஸ்கோப் தானாக அணைந்து அணைந்து வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஃப்ளூக் 87 மீட்டரின் பின்மூடியைக் கழற்றிய தம்பி, "அண்ணே, ஃப்யூஸ் வேற மாதிரி இருக்குண்ணே" என்றான். அந்த மீட்டரில் ஆம்பியர் முனைக்கு 11 ஆம்பியர், 1000 வோல்ட் ஃப்யூஸ் இருக்க வேண்டும். வெளியே தடித்த உறை, உள்ளே மணல் நிரப்பியது, 38 மில்லிமீட்டர் நீளம், விரல் பருமன். எங்கள் மீட்டரில் நான் என் கையால் போட்டது அதுதான். இப்போது அந்த இடத்தில் ரேடியோக்களில் போடுகிற கண்ணாடி ஃப்யூஸ் ஒன்று. கிளிப்பில் நிற்காததால் இரண்டு முனையிலும் செம்புத் தகட்டைச் சுற்றி ஈயம் வைத்து இறுக்கியிருந்தார்கள். ஒரிஜினல் ஃப்யூஸ் நல்ல விலைக்குப் போகிற பொருள். கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பில்லில் 'ஃப்யூஸ் மாற்றம்' என்று தனியாகக் காசும் வாங்கியிருந்தார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஆம்பியர் முனையில் லீடை வைத்திருக்கும்போது மீட்டர் ஏறக்குறைய ஒரு ஷார்ட் சர்க்யூட்தான். அந்த நிலையில் யாராவது மறதியாக 415 வோல்ட் பேனலில் முனைகளை வைத்துவிட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மணல் ஃப்யூஸில் கம்பி உருகியதும் மணல் அந்தத் தீப்பொறியை விழுங்கி அணைத்துவிடும். 250 வோல்ட் கண்ணாடி ஃப்யூஸின் உடைக்கும் திறன் (பாதுகாப்பாக அறுக்கக்கூடிய மின்னோட்டம்) அதன் மதிப்பைப் போலச் சுமார் பத்து மடங்குதான். அதற்கு மேல் போனால் கண்ணாடி வெடிக்கும், உள்ளே ஆர்க் (மின்பொறி) அணையாது, மீட்டர் கையிலேயே சிதறும். மீட்டரின் மேலே 1000 வோல்ட் கேட் 3 (பேனல் போன்ற இடங்களில் அளக்கும் பாதுகாப்புத் தரம்) என்று அச்சடித்திருப்பது ஒரிஜினல் ஃப்யூஸ் உள்ளே இருந்தால்தான் செல்லும். ஓம் ரேஞ்சில் வைத்து லீடை ஆம்பியர் முனையில் தொட்டு ஃப்யூஸ் பார்க்கிற வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதில் ஃப்யூஸ் போயிருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். கண்ணாடி ஃப்யூஸும் அதில் பாஸாகிவிடும். மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "சார், எல்லாரும் ஆடிட்டுக்குத்தான் சார் கேக்குறாங்க. பேப்பர் கரெக்டா இருக்குல்ல?" என்றார். ஃப்யூஸைப் பற்றிக் கேட்டதும், "பசங்க மாத்தியிருப்பாங்க, வேணும்னா ஒண்ணு அனுப்புறேன்" என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதோடு போனை எடுப்பதில்லை. அந்தப் பசங்களில் ஒருவனுக்குக் கூட அந்த மீட்டர் எதற்காகத் தடித்த ஃப்யூஸ் கேட்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதுவும் எனக்கு வருத்தம்தான்.

இனி யாரிடம் கொடுத்தாலும் இதைக் கேளுங்கள். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் ஐ.எஸ்.ஓ. 17025 என்ற ஆய்வகத் தரத்தின்படி வருவது. ஒரு ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் எல்லாக் கருவிக்கும் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எந்த அளவுக்கு, எந்த வரம்பு வரை என்று அவர்களுடைய அங்கீகார வரம்புப் பட்டியல் என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் ஆஸிலாஸ்கோப் அதில் வருகிறதா பாருங்கள். சர்டிபிகேட்டில் அன்சர்டன்டி, கே = 2 (அந்த அன்சர்டன்டி சுமார் 95 சதவீத நம்பிக்கையில் கணக்கிட்டது) என்ற குறிப்பு, ஒப்பிட்ட ஸ்டாண்டர்டின் அடையாளம் எல்லாம் இருக்க வேண்டும். சரிசெய்தார்கள் என்றால் அதற்கு முன் காட்டியது என்ன, பின் காட்டியது என்ன என்று இரண்டு அளவும் வேண்டும். முன் அளவு இல்லாவிட்டால், போன வருடம் முழுக்க நாம் அளந்து கொடுத்ததெல்லாம் சரியா தப்பா என்றே தெரியாது. நல்ல இடம் வேண்டுமென்றால் சென்னையில் மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பான எஸ்.டி.க்யூ.சி.யைச் சேர்ந்த ஈ.டி.டி.சி. என்ற ஆய்வகம் இருக்கிறது, கோயம்புத்தூரில் சிடார்க் என்ற ஆய்வகம் இருக்கிறது. பார்சல் செலவு ஆகும், சில நாள் கருவி கையில் இருக்காது. நான் இப்போது அப்படித்தான் அனுப்புகிறேன். தூசி எடுப்பது, ஃப்யூஸ், பேட்டரி பார்ப்பதை ஒர்க்‌ஷாப்பிலேயே நாங்கள் செய்து நோட்டில் தேதியோடு எழுதிவிடுகிறோம்.

போலிச் சின்னத்தைப் பற்றி என்.ஏ.பி.எல்.லுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பெயர் தவறாகப் பயன்பட்ட ஆய்வகமும் தன் பங்குக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறது. தொழிலுக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று சிலர் சொன்னார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துகிறவர் அதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தியது வணிக நோக்கம் ஆகாது என்ற விளக்கம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. அந்த அடிப்படையில் மதுரையில் மனு கொடுக்க வக்கீலைப் பார்த்தாயிற்று. அந்தக் கண்ணாடி ஃப்யூஸ், படங்கள், ரசீது, தம்பியின் வாக்குமூலம் எல்லாம் அவரிடம் இருக்கின்றன.

இந்த வருடம் உங்கள் கருவிகளுக்கும் ஒரே நாளில், உங்கள் இடத்திலேயே கேலிபரேஷன் முடித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிப் போயிருந்தால், மூடியைத் திறக்கும் முன் ஒரு படமும் திறந்த பின் ஒரு படமும் எடுத்து வையுங்கள். சர்டிபிகேட்டையும் பத்திரப்படுத்துங்கள். என்னோடு சேர்ந்து புகார் கொடுக்க இன்னும் இரண்டு பேர் முன்வந்தால் வழக்கு பலமாகும் என்று வக்கீல் சொல்கிறார்.