ஸ்டாண்டர்டு ஹெரால்டு கிளட்ச் வேலை: நான் ஏமாந்த கதை

பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் சென்னைப் பட்டறை ஒன்றில் எனக்கு நேர்ந்ததை, இதே வேலைக்கு வண்டியை விடப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் தந்தையார் வைத்திருந்த 948 சிசி ஹெரால்டு, மதராஸிலேயே தயாரான வண்டி, ஒன்பது ஆண்டுகள் கொட்டகையில் ஓடாமல் நின்றுவிட்டது. கிளட்ச் பெடலை மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருந்தது. பெடலை மிதிக்கும்போது கிளட்ச் லிவரைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் இறுகியிருக்கும், கிளட்ச் பிளேட்டும் துருவேறி, எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு ஒட்டியிருக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார். அந்தக் கணிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கியர்பாக்ஸையும் பிரித்துச் சரிசெய்ய 38,000 ரூபாய் பேசினார். ஒரு வார வேலை மூன்று மாதம் இழுத்தது.

வண்டி கைக்கு வந்த நாளிலிருந்தே கிளம்பும்போது உதறியது. நான்காம் நாள் மேம்பாலம் ஏறுகையில் பெடல் அப்படியே தரையோடு போய்விட்டது. கட்டி இழுத்துக்கொண்டு போய், வேறொரு மூத்த மெக்கானிக்கிடம் காட்டினேன். ஹெரால்டில் கியர்பாக்ஸை வண்டிக்கு உள்ளிருந்து, இரு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அந்த மூடியைத் தூக்கியதுமே பாதி விடை தெரிந்துவிட்டது.

ஸ்லேவ் சிலிண்டர், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டின் அலுமினியக் காதுக்குள் செருகி ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போல்ட் சிலிண்டரின் உடலிலுள்ள ஒரு பள்ளத்தின் வழியாகச் செல்வதால், அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது. முழுவதும் உருவி, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரண்டு நாளாவது ஊறவிட்டு, மெல்லத் திருகித் திருகி எடுக்க வேண்டும். முதல் பட்டறைக்காரர்களோ போல்ட்டைத் தளர்த்தியதோடு சுத்தியலை எடுத்திருக்கிறார்கள். காது விண்டுபோக, எம்-சீல் பசையைப் பூசி மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். நான்கு நாள் மிதியில் அது பெயர்ந்து, லிவரைத் தள்ள வேண்டிய சிலிண்டர் தானே பின்னால் நகர்ந்திருக்கிறது.

உள்ளே இன்னும் மோசம். 6,500 ரூபாய்க்குப் புது கிளட்ச் பிளேட் என்று பில்லில் இருந்தது. இருந்ததோ ரிவெட் தலைகள் வெளியே தெரியுமளவுக்குத் தேய்ந்த பழைய பிளேட். கியர்பாக்ஸை இறக்கும்போதோ ஏற்றும்போதோ அடியில் ஜாக்கி கொடுக்காமல், அதன் பாரம் முழுவதையும் பிளேட்டின் நடுக் குமிழில் தொங்கவிட்டிருந்ததால் பிளேட் கோணியிருந்தது. உதறலுக்கு அதுவே காரணம். கியர்பாக்ஸ் தண்டின் பல்வரிசையான ஸ்பிளைனில் அள்ளிப் பூசிய கிரீஸ், பிளேட்டின் உராய்வுப் பட்டையான லைனிங் வரை தெறித்திருந்தது. பெல் ஹவுசிங்கின் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தபடியே மெக்கானிக் இவற்றைக் காட்டினார். பழைய லைனிங்குகளில், மூச்சில் போனால் ஆபத்தான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் என்பதால் அந்த எச்சரிக்கை.

வண்டியை விடுமுன் அந்தக் காதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. காதை ஆர்கான் வெல்டிங் வைத்துச் சரிசெய்ய 2,800 ரூபாய் தனியாக ஆயிற்று.

முதல் பட்டறைக்குப் போன் செய்து, கழற்றிய பழைய பிளேட் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சு சார்" என்றார். அப்போது அந்தப் பிளேட் என் மடியில் இருந்தது.