லைலாக் ஞாயிறா, இலை பழுக்கும் வாரமா? ஆர்னால்ட் மரத்தோட்டத்துக்கு எப்போது போகலாம்

பாஸ்டனில் இருக்கும் ஆர்னால்ட் ஆர்போரேட்டத்துக்கு வருஷத்தில் எந்த நாளும் போகலாம். விடிந்ததும் திறந்திருக்கும், பொழுது சாய்ந்தால் மூடிவிடும், கட்டணம் கிடையாது. 1872-இல் தொடங்கிய ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மரத்தோட்டம் இது. 281 ஏக்கர். நிலம் பாஸ்டன் நகரத்துக்குச் சொந்தம். பல்கலைக்கழகம் அதை ஆயிரம் வருஷக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. எல்லா நாளும் போகலாம் என்பதுதான் சிக்கலே. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த நாள் எது?

உள்ளூரில் கேட்டால் பாதிப் பேர் மே மாதம் என்பார்கள், மீதிப் பேர் அக்டோபர் என்பார்கள். நான் அக்டோபர் கட்சி. ஆனால் மே மாதத்துக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு இங்கே லைலாக் ஞாயிறு. 1908-இலிருந்து நடக்கிறது. சுமார் 400 லைலாக் செடிகள் ஒரு சரிவில் வரிசையாக நிற்கின்றன: வெள்ளை, இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம், திராட்சை நிறம். லைலாக் நம் மல்லிகையின் குடும்பம்தான், பவழமல்லிக்கும் சொந்தம். ஒரு கொத்தை மூக்கருகே இழுத்துப் பார்த்தால் உறவு புரிந்துவிடும். நாலே இதழ் உள்ள குட்டிப் பூ, ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில். வருஷம் முழுவதும் இந்தத் தோட்டத்தில் கூடை கொண்டுவந்து உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. அந்த ஒரு ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பூ நாட்காட்டி பார்த்துப் பூப்பதில்லை. குளிர் நீண்டால் அந்த ஞாயிறன்று பாதி லைலாக் மொட்டாகவே நிற்கும். வெயில் முந்திக்கொண்டால் முதல் ரகங்கள் உதிர்ந்திருக்கும். ரகங்கள் முன்னும் பின்னுமாகப் பூப்பதால் எப்போதும் ஏதாவது இருக்கும், சரி. ஆனால் ஏப்ரலில் பூக்கும் மக்னோலியாவுக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஒரு வருஷம் முழுக்கப் பூத்து நின்ற நட்சத்திர மக்னோலியாவைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் நண்பர்களை அழைத்துப் போனேன். நடுவில் ஒரே ஒரு ராத்திரி உறைபனி. வெள்ளை இதழ்கள் எல்லாம் டீத்தூள் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு தாங்கவில்லை.

இலைக்கு அந்தப் பயம் இல்லை. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை எந்த நாள் போனாலும் ஏதாவது ஒரு மரம் உச்சத்தில் இருக்கும். காரணம், இது இயற்கைக் காடு அல்ல. வட அமெரிக்காவிலிருந்தும் சீனா, ஜப்பான், கொரியாவிலிருந்தும் கொண்டுவந்து வைத்த மரங்கள். ஒவ்வொன்றும் தன் ஊர்க் கணக்கில் பழுக்கிறது. மேப்பிள் சிவந்து உதிர்ந்த பிறகு ஓக் செம்பழுப்பாகும். பொன் லார்ச் என்ற ஊசியிலை மரம் பேருக்கேற்ற நிறத்துக்கு மாறும். கடைசியில் கிங்கோ, கடும் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் இலையை எல்லாம் மொத்தமாகக் கொட்டிவிடும். அடியில் மஞ்சள் பாய் விரித்த மாதிரி கிடக்கும்.

அப்புறம் கட்சூரா. இதற்காகவே நான் அக்டோபர் கட்சியில் சேர்ந்தேன். ஜப்பானிய மரம், இலை இதய வடிவம். முதல் தடவை அந்தப் பாதையில் நடக்கும்போது எங்கிருந்தோ பஞ்சுமிட்டாய் வாசனை வந்தது. பக்கத்தில் வண்டிக்காரர் யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கீழே கிடந்த பழுப்பு இலையை எடுத்துக் கசக்கினால் அதிலிருந்துதான் வருகிறது! பழுக்கும் இலையில் மால்ட்டால் என்ற பொருள் உண்டாகிறது. ரொட்டியின் முறுகலான மேல்தோல் மணப்பதற்குக் காரணமும் அதே பொருள்தான். ஈரமான காலையில் இந்த வாசனை இன்னும் தூரம் போகும். பச்சை இலையில் இருக்காது. மே மாதத்தில் அதே மரத்தடியில் நின்றால் உங்களுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு காரணம் மெட்டாசெக்கோயா. ஊசியிலை மரம் என்றால் எப்போதும் பச்சையாக இருக்கும் என்று நினைப்போம். இது செங்கல் நிறமாகி, குச்சியோடு சேர்த்து இலையை உதிர்க்கும். 1941-இல் புதைபடிவத்தை வைத்து இதற்குப் பெயர் வைத்தார்கள். அழிந்துபோன மரம் என்றுதான் நினைத்தார்கள். பிறகு சீனாவில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. 1947-இல் இந்தத் தோட்டம் விதை சேகரிக்க 250 டாலர் அனுப்பியது. 1948 ஜனவரியில் விதை வந்து சேர்ந்தது. இங்கே நிற்பவை அந்த விதையில் முளைத்தவை. தகட்டைப் பாருங்கள்: இங்கே ஒவ்வொரு மரத்திலும் சின்ன உலோகத் தகடு தொங்குகிறது, அதில் பெயரும் சேர்க்கை எண்ணும் இருக்கும். பல எண்களில் கோட்டுக்குப் பின்னால் வருவது, அந்த மரம் இங்கே வந்த வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எந்தப் பருவத்திலும் தனியாகச் சுற்றலாம்.

கோடைக்கு என் ஓட்டு கிடையாது. எல்லாம் ஒரே பச்சை, கொசு வேறு. புல்லுக்குள் இறங்கினால் உண்ணி ஏறும். வீட்டுக்கு வந்து கால் மடிப்பெல்லாம் பார்க்க வேண்டும். இரண்டு விஷயங்களுக்காக மட்டும் போகலாம். ஒன்று, 1913-இல் ஜப்பானிலிருந்து வந்த போன்சாய் மரங்கள். மூத்தது 1737-இல் வளர்க்கத் தொடங்கியது. இவை ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் வெளியே இருக்கும். இரண்டாவது, ஆகஸ்ட் கடைசியில் பூக்கும் ஃபிராங்க்ளினியா. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். 1803-க்குப் பிறகு காட்டில் யாரும் இதைப் பார்க்கவில்லை. இன்று உலகில் இருப்பது முழுக்கத் தோட்டங்களில்தான்.

குளிர்காலத்தைப் போட்டியிலேயே சேர்க்க மாட்டார்கள். டிசம்பரில் நாலே காலுக்குச் சூரியன் மறைந்துவிடும், பாதையில் பனிக்கட்டி வழுக்கும். முட்டாள்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு பிப்ரவரியில் சித்தி வந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க முடியாமல் கூட்டிப் போனேன். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா, எல்லாம் காஞ்சு போச்சா?" என்றார்.

"இல்ல சித்தி, தூங்குது."

நம்பவில்லை. மக்னோலியாக் கிளையை வளைத்துக் காட்டினேன். போன கோடையிலேயே உருவான பூமொட்டு, மேலே சாம்பல் நிறத்தில் ரோமப் போர்வை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தார். "பூனைக்குட்டி காது மாதிரி இருக்குடா." அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். காகிதப் பட்டை மேப்பிளின் தோல் இலவங்கப்பட்டை நிறத்தில் சுருள் சுருளாக உரிந்து நிற்பதை இலை இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. இந்த மரம் 1907-இல் சீனாவிலிருந்து வில்சன் என்ற தாவரச் சேகரிப்பாளர் சேகரித்து அனுப்பியது. ரோடோடென்ட்ரான் இலைகள் குளிருக்குத் தொங்கி, சுருட்டு மாதிரி சுருண்டிருந்தன. குளிர் கூடக் கூட இறுகும், வெயில் பட்டால் விரியும். பனிக்கு நடுவில் விட்ச் ஹேசல் பூத்திருந்தது. மஞ்சள் காகிதத்தை நூல் நூலாகக் கத்தரித்துவிட்ட மாதிரி இதழ். அதுவும் குளிர் ஏறினால் சுருண்டுகொள்ளும்.

அதனால் என் கணக்கு இப்படி. ஒரே நாள்தான் என்றால் அக்டோபர் கடைசி வாரம், காலையில். ஆரஞ்சு லைன் மெட்ரோ ரயிலில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் நிலையம் வரை வந்து, கொஞ்சம் நடந்தால் வாசல். இரண்டு நாள் என்றால் மே மாதமும் சேரட்டும், ஆனால் லைலாக் ஞாயிறு வேண்டாம், அதற்கடுத்த செவ்வாயோ புதனோ போங்கள். அதே பூ, கூட்டம் மட்டும் இருக்காது. பாஸ்டனிலேயே இருப்பவர்கள் பிப்ரவரியில் ஆரம்பியுங்கள். அன்று தொட்டுப் பார்த்த மொட்டின் கிளையை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஏப்ரலில் திரும்ப வந்து அதே கிளையைத் தேடுங்கள். சித்தி ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரா வாரம் போனில் கேட்டது அந்தக் கிளையைப் பற்றித்தான். ஏப்ரல் மூன்றாம் வாரம் போட்டோ எடுத்து அனுப்பினேன்.