பிக், நகம், விரல் நுனி: கிட்டாரின் வலக்கைக்கு எது பொருத்தம்?

கிட்டார் கற்கத் தொடங்குகிறவர்களின் கவனம் முழுவதும் இடக்கையில்தான் இருக்கிறது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகளில் எதில் எந்த விரலை வைப்பது, எஃப் கார்டு எனும் சுரக்கூட்டை எப்படி அழுத்துவது, விரல் நுனி காய்த்துப்போக எத்தனை நாளாகும் என்பவைதான் அவர்கள் கேட்கும் கேள்விகள். ஆனால் கேட்பவரின் காதில் விழும் நாதத்தின் தன்மையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வலக்கை. குறிப்பாக, கம்பியைத் தொட்டு விடுவிக்கும் அந்த முனை. பிக் (விரல்களுக்கிடையே பிடித்துக் கம்பியை மீட்டும் சிறு தகடு), நகம், நகம் படாத விரல் நுனி ஆகிய மூன்றில் எது உயர்ந்தது என்ற வாதம் இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. என் கருத்தில் இதில் பொதுவான தரவரிசை எதுவும் கிடையாது. கையிலிருக்கும் கிட்டாரின் கம்பி எது, வாசிக்க விரும்பும் இசை எது, வாசிக்காத நேரத்தில் அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்ற மூன்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, இங்கே மிகக் குறைவாக மதிக்கப்படும் விரல் நுனிக்கு இன்னும் நல்ல இடம் கிடைக்கவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் ஒலி. மீட்டும் கணத்தில் கம்பி இருபுறமும் சரிந்த ஒரு முக்கோணமாக இழுபட்டு நிற்கிறது. அந்த முக்கோணத்தின் உச்சி எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ, அவ்வளவு வலுவாக உயர்ந்த மேற்சுரங்கள் எழும். கடினமான, மெல்லிய முனையுடைய பிக்கும் நகமும் உச்சியைக் கூராக்குவதால் ஒலி தெளிவாகவும் பளிச்சென்றும் வருகிறது. அகலமும் மென்மையும் கொண்ட விரற்சதை அந்த உச்சியை உருண்டையாக்கிவிடுவதால் ஒலி கனிந்து, சற்று மங்கலாக வருகிறது. எந்த இடத்தில் மீட்டுகிறோம் என்பதும் இதற்கு இணையாக முக்கியம். குதிரைக்கு (கம்பிகளைக் கிட்டாரின் உடலில் தாங்கும் கட்டைக்கு) அருகில் மீட்டினால் ஒலி கூர்மையாகும், ஒலித்துளையின் பக்கம் வரவர இனிமை கூடும். ஆகவே விரற்சதையால் வாசிப்பவர் கையை நான்கு விரற்கடை குதிரைப் பக்கம் நகர்த்தினாலே, இழந்த தெளிவில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம்.

பிக் வாங்கும்போது தடிமன்தான் முதல் கேள்வி. 0.6 மி.மீ.-க்குக் குறைவானவை கம்பியில் பட்டதும் வளைந்து கொடுப்பதால், ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒரே வீச்சில் மீட்டும்போது, அதாவது ஸ்ட்ரம் செய்யும்போது, கை எங்கும் தடைபடாது. ஆனால் தனிச்சுரங்களை விரைவாக வாசிக்கையில் வளைந்த பிக் நிமிரும் வரை ஒலி தாமதிக்கும், கம்பியில் பிளாஸ்டிக் அறையும் ஓசையும் கூடவே கேட்கும். 1 மி.மீ.-க்கு மேற்பட்டவை தனிச்சுரங்களுக்குத் துல்லியம் தரும். ஸ்ட்ரம் செய்தால் பழகாத கையில் முரட்டுத்தனமாக ஒலிக்கும். தொடங்குகிறவர் 0.73 அல்லது 0.88 எடுப்பது நல்லது. டன்லப் நிறுவனத்தின் டார்டெக்ஸ் வரிசையில் இவை முறையே மஞ்சளும் பச்சையும். நம் கடற்கரை ஊர்களின் வியர்வையில் பளபளப்பான செல்லுலாய்டு பிக் விரலுக்குள் சுழன்று திரும்பிவிடும் என்பதால், மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பவையோ பிடிமானத்துக்கு மேடு எழுப்பிய நைலான் பிக்குகளோ நமக்கு ஏற்றவை. ஒரு காலத்தில் அழுங்காமையின் ஓட்டிலிருந்து பிக் செய்தார்கள். அந்த ஓட்டின் சர்வதேச வணிகம் 1970களில் தடைசெய்யப்பட்டது. பழுப்பும் மஞ்சளும் கலந்த செல்லுலாய்டு பிக்குகள் அதன் சாயலில் வந்தவையே.

பிக்கைச் சுட்டுவிரலின் பக்கவாட்டில் வைத்து, கட்டைவிரலின் சதைப்பகுதியால் மூடி, முனையில் மூன்று நான்கு மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி பிடிக்க வேண்டும். முழுவதும் தட்டையாகக் கம்பியில் மோதவிடாமல் சற்றுச் சாய்த்தால், ஓரம் கம்பியை வழுக்கிக் கடந்து செல்லும். அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். முழங்கை இறுகினால் வேகம் அங்கேயே நின்றுவிடும். பிக்கின் வலிமை வேகம், ஓசை, தாளக்கட்டு ஆகியவற்றில் இருக்கிறது. அதன் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: முனை ஒன்றுதான். ஆறாவது கம்பியில் ஆதார சுரத்தையும் முதல் கம்பியில் பாடலின் மெட்டையும் ஒரே கணத்தில் எழுப்ப அதனால் இயலாது. பிக்கைப் பிடித்தபடியே நடுவிரலையும் மோதிர விரலையும் கொண்டு மற்றக் கம்பிகளை மீட்டும் கலப்பு முறை இதற்கு ஒரு தீர்வு. அது கைகூடச் சில மாதங்களேனும் ஆகும். கர்நாடக இசையின் நுட்பத்துக்குப் பிக் ஆகாது என்று சொல்பவர்களுக்கு, ஐந்து கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினில் பிக்கால் வாசித்த யு. ஸ்ரீநிவாஸின் (1969–2014) கச்சேரிப் பதிவுகளே போதுமான பதில்.

நகத்தின் கதை நீண்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த இரு பெரும் கலைஞர்கள் இதில் எதிரெதிர் பக்கம் நின்றார்கள். ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) விரற்சதையால் வாசித்தார். நக ஒலியை அவர் விரும்பவில்லை. தியோனிசியோ அகுவாதோ (1784–1849) நகத்தால் வாசித்தார். 1830இல் வெளிவந்த தம் கிட்டார் பாட நூலில் நக வாசிப்பைக் கண்டித்த சோர், அகுவாதோவை மட்டும் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார். அகுவாதோவோ சோரின் வாசிப்பைக் கேட்டபின் தம் கட்டைவிரலில் மட்டும் நகத்தைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டார். பாரிஸில் இருவரும் நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள். தாமும் அகுவாதோவும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே சோர் ஓர் இரட்டைக் கிட்டார்ப் படைப்பை எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் ஆந்த்ரேஸ் செகோவியா (1893–1987) நகமும் சதையும் சேர்ந்த முறையைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுசென்றார். 1940களில் ஆல்பர்ட் அகஸ்டின் அவருடைய ஊக்கத்தோடு நைலான் கம்பிகளை உருவாக்கியபின், அதுவரை இருந்த விலங்குக் குடல் கம்பிகள் வழக்கொழிந்தன; வழவழப்பான நைலானில் நகம் எளிதாக வழுக்கிச் சென்றதால் அந்த முறையே மேற்கத்திய செவ்வியல் கிட்டாரின் நியதியாயிற்று.

நக முறையைப் பற்றிப் பலருக்கும் உள்ள தவறான எண்ணம், நகம் மட்டுமே கம்பியைத் தொடுகிறது என்பது. உண்மையில் கம்பி முதலில் விரல் நுனியின் சதையில், கட்டைவிரல் பக்கம் சாய்ந்த இடத்தில் அமர்கிறது. பிறகு நகத்தின் விளிம்புக்கு நகர்ந்து, அந்த விளிம்பின் சரிவில் வழுக்கி விடுபடுகிறது. உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் விரல் நுனிக்கு மேலே நகம் ஒன்று அல்லது இரண்டு மி.மீ. தெரிந்தால் போதும். அதைவிட நீண்டால் கம்பியில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். அரத்தால் வடிவம் கொடுத்தபின், 2000ஆம் எண்ணோ அதைவிட நுண்ணியதோ ஆன உப்புத்தாளால் விளிம்பை மெருகேற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு பிசிறுகூட முதல் கம்பியில் கரகரப்பாகக் காதில் விழுந்துவிடும். உலோகம் சுற்றிய மூன்று தடித்த கம்பிகளில் நகம் உரசும் கீச்சொலியைத் தவிர்க்க, கட்டைவிரலின் கோணத்தைச் சற்று மாற்றிச் சதையால் மீட்டுவது வழக்கம்.

இத்தனைக்கும் பலனாகக் கிடைப்பது, மற்ற இரண்டிலும் கிடைக்காத வண்ண வேறுபாடு. ஒரே விரலில், கோணத்தை இம்மியளவு மாற்றுவதாலேயே கனிந்த ஒலியிலிருந்து கூரிய ஒலிக்குச் செல்ல முடிகிறது. அதற்கான விலையையும் சொல்லியாக வேண்டும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ.தான் வளரும் என்பதால், கேட்டில் இடித்து ஒரு நகம் உடைந்தால் இரண்டு மூன்று வாரங்கள் வாசிப்பின் சமநிலையே போய்விடும். பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, நாளில் பலமுறை தண்ணீரில் ஊறும் கையில் நகம் மென்மையாகி அடுக்கடுக்காகப் பிரியும். குளித்த உடனே வாசிப்பதும் அதே காரணத்தால் உகந்ததன்று. ஸ்டீல் கம்பியிலோ நகம் வெகு விரைவில் தேய்ந்து, கம்பி படும் இடத்தில் பள்ளம் விழுகிறது. பிங்பாங் பந்திலிருந்து வெட்டிய துண்டை உடைந்த நகத்தின் அடியில் ஒட்டிச் சமாளிக்கும் செவ்வியல் கலைஞர்கள் உண்டு. இப்போது அழகு நிலையங்களில் அக்ரிலிக் நகமும் ஜெல் நகமும் எளிதாகக் கிடைக்கின்றன; அவை உறுதியானவை, ஆனால் முறையின்றிப் பிய்த்து எடுத்தால் இயற்கையான நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரிந்துவிடும்.

விரல் நுனி வாசிப்பை ஆரம்ப நிலையாகவோ குறையாகவோ கருதுவது நியாயமன்று. நவீன செவ்வியல் கிட்டார் மரபுக்கு அடித்தளமிட்ட பிரான்சிஸ்கோ தாரேகா (1852–1909) தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் நகத்தை வெட்டிவிட்டுச் சதையால் வாசிக்கத் திரும்பினார். அவருடைய மாணவர் எமிலியோ புஜோல் அந்த ஒலியை நெடுங்காலம் ஆதரித்து எழுதினார். ஜாஸ் இசையில் வெஸ் மாண்ட்கோமரி (1923–1968) ஸ்டீல் கம்பி எலக்ட்ரிக் கிட்டாரை வெறும் கட்டைவிரலால் வாசித்து, இன்றுவரை பலரும் பின்பற்ற முயலும் ஒலியைப் படைத்தார். ராக் இசையில் பிக்கோடு புகழ்பெற்ற ஜெஃப் பெக், 1980களில் அதை ஒதுக்கிவிட்டு விரல்களுக்கு மாறினார். எலக்ட்ரிக் கிட்டாரில் ஓசையின் அளவை ஆம்ப்ளிஃபயர் கவனித்துக்கொள்வதால், சதையின் முக்கியக் குறையான மெல்லிய ஒலி அங்கே குறையாகவே இருப்பதில்லை. கம்பியின் அழுத்தம் நேரடியாகத் தோலில் உணரப்படுவதால், எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பது கைக்கு உடனே தெரிகிறது. நான் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு: நக முறையிலும் முதல் தொடுகை சதையில்தான் நிகழ்கிறது என்பதால், சதையில் பெற்ற பயிற்சி பின்னாளில் நகத்துக்கு மாறினாலும் வீணாவதில்லை.

நம் வீணையிலும் இதே தேர்வு இருக்கிறது. சுட்டுவிரலும் நடுவிரலும் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு தந்திகளையும் மீட்ட, சுண்டுவிரல் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைத் தொடுகிறது. சிலர் சொந்த நகத்தால் மீட்டுகிறார்கள், சிலர் விரல் நுனியில் கம்பி வளையத்தை மாட்டிக்கொள்கிறார்கள். வளையம் ஓங்கிய, சீரான ஒலி தருகிறது. நகத்தில் மீட்டின் ஓசை அடங்கி, கமகத்தின் இழுப்பு முன்னால் வந்து நிற்கிறது. தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு இடக்கையால் இழுத்து இழுத்து நாலைந்து சுரங்களை எடுக்கும் வாத்தியத்தில், மீட்டின் ஓசை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதால் நான் நகத்தின் பக்கம் சாய்கிறேன். வட இந்தியத் தந்தி வாத்தியமான சரோதில் நகம் இடம் மாறிவிடுகிறது. வலக்கை தேங்காய்ச் சிரட்டையில் செதுக்கிய மீட்டியைப் பிடிக்க, மெட்டுகளில்லாத உலோகப் பலகையில் தந்தியை அழுத்துவது இடக்கை நகத்தின் விளிம்பு. கிட்டாரிலோ வீணையிலோ இடக்கை நகத்தை ஒட்ட வெட்டாமல் வாசிக்கவே முடியாது.

நைலான் கம்பிக் கிட்டார் வைத்திருப்பவர் பிக்கைத் தொடாமல் விரலால் தொடங்கி, ஆறு மாதம் சதையிலேயே வாசித்தபின் நகம் வளர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். டிரினிட்டி போன்ற செவ்வியல் கிட்டார்த் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கும் இந்த வரிசை ஒத்துவரும். பள்ளியில் நகம் வெட்டச் சொல்லும் குழந்தைகளுக்குச் சதை ஒன்றே வழி, அதனால் அவர்கள் எதையும் இழப்பதில்லை. பிக்கின் பளிச்சென்ற ஒலிக்கு ஆசைப்பட்டு நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டுவது மட்டும் கூடாது. ஸ்டீல் கம்பிகளின் இழுவிசை நைலானைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், குதிரை பெயர்ந்து வந்துவிடும்.

ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் பாட்டுக்குத் துணையாக ஸ்ட்ரம் செய்வதே நோக்கமென்றால் 0.73 பிக் போதும், வேறு எதையும் தேடவேண்டாம். அதே கிட்டாரில் பாடல் முழுவதையும் விரலால் வாசிக்க விரும்புகிறவருக்குத்தான் தேர்வு கடினம், ஏனென்றால் நகம் தேயும், சதையின் ஒலி ஆதாரக் கம்பிகளில் எடுபடாது. அவருக்கு நான் பரிந்துரைப்பது, அமெரிக்கக் கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் (1924–2001) பயன்படுத்திய முறை: கட்டைவிரலில் மாட்டும் தம்ப் பிக் ஒன்றும், மற்ற விரல்களும். தம்ப் பிக் விரலை இறுக்கி இரத்தவோட்டத்தைத் தடுக்காமலும், ஆடாமலும் இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வெந்நீரில் சற்று நேரம் போட்டு, வளையத்தை மெதுவாக விரித்துப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், அந்த அளவிலேயே நின்றுவிடும். அதன் முனை நீளமாக இருந்தால் கம்பியில் மாட்டிக் கட்டைவிரலைப் பின்னுக்கு இழுக்கும். வாங்கியவுடன் அரத்தால் இரண்டு மி.மீ. குறைத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டே வாசிக்கத் தொடங்க வேண்டும்.