"தொடக்கநிலையாளர் தொகுப்பு" என்ற பெயரில் பழைய சரக்கு: மாதிரிப் பந்தயக் கார் வாங்குவோர் கவனத்துக்கு

பிளாஸ்டிக் மாதிரிப் பந்தயக் கார்களை ஒட்டி வண்ணம் பூசப் பழகும் புதியவர்களைக் குறிவைத்து, "தொடக்கநிலையாளர் முழுத் தொகுப்பு" என்ற பெயரில் சமூக ஊடகப் பக்கம் ஒன்றின் வழியே ஒரு பெட்டி விற்கப்பட்டு வருகிறது. ஒரு கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி), மூன்று புட்டி பெயின்ட், அதை நீர்க்கச் செய்யும் தின்னர் ஒரு புட்டி, பசை, பெயின்டுக்கு அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமர் ஸ்பிரே ஆகிய அனைத்தும் அதில் அடங்கும் என்றும், இதற்கு மேல் எதற்காகவும் கடைக்குப் போக வேண்டியிராது என்றும் விளம்பரம் சொல்கிறது. 7,800 ரூபாய் செலுத்தி நான் பெற்ற பெட்டியில் புதியது என்று சொல்லத்தக்கது பசைப் புட்டி ஒன்றுதான். மற்றவை பழைய சரக்காகவோ, வேறு வேலைக்கு உரிய சரக்கைச் சிறு புட்டியில் ஊற்றி மறுபெயர் ஒட்டியதாகவோ இருந்தன. புகார் நிலுவையில் இருப்பதால் விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த முறையில் விற்பவர் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை என்பதால், சரக்கின் குறையை எப்படி இனம்காண்பது என்பதையே விரிவாக எழுதுகிறேன்.

தொகுப்பில் இருந்த கிட், ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் 1/20 அளவு டைரல் பி34. முன்னால் நான்கு சிறிய சக்கரங்களும் பின்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் கொண்டு, 1976-ஆம் ஆண்டு சுவீடன் கிராண்ட் பிரீயில் ஜோடி ஷெக்டர் ஓட்டி முதலிடமும், பத்ரிக் தெபாயே ஓட்டி இரண்டாமிடமும் பெற்ற ஃபார்முலா 1 கார் அது. ஆறு சக்கரங்களைப் பார்த்துவிட்டு வேறொரு கிட்டைத் தேர்ந்தெடுக்க எந்தப் புதியவருக்கும் மனம் வராது. விற்பனையாளரும் அதை நன்றாக அறிந்தே அந்தப் படத்தை முன்னால் வைத்திருக்கிறார். உண்மையில், இயந்திரமும் சஸ்பென்ஷனும் வெளியே தெரியும் ஃபார்முலா கார் புதியவருக்கு ஏற்றதே அல்ல. மூடிய உடலும் எளிய அடிப்பகுதியும் கொண்ட 1/24 அளவுக் கார் ஒன்றில் தொடங்குவதே நல்லது என்று அனுபவசாலிகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த கிட்டைப் புதியவருக்கு ஏற்றது என்று விற்பது ஏமாற்று ஆகாது, மிகைப்பேச்சு என்று விட்டுவிடலாம். ஏமாற்று பெட்டிக்குள் இருந்தது. தயாரிப்பாளர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாமியாவின் ஊரான ஷிசுவோகாவிலிருந்து நல்ல நிலையில் புறப்பட்ட ஒரு பெட்டிக்கு இடையில் நேர்ந்த கதி இது.

விளம்பரத்தில் "புதியது, சீல் உடைக்காதது" என்று இருந்தது. வந்த பெட்டியைச் சுற்றிப் புதிய பிளாஸ்டிக் உறை இறுக்கமாகப் போர்த்தப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் உள்ளே பாகங்களின் பைகள் கிழிக்கப்பட்டு, ஸ்டேப்ளர் முள்ளால் மீண்டும் மூடப்பட்டிருந்தன. பெட்டிக்கு வெளியே உறை போர்த்தும் கருவி எந்தப் பேக்கிங் கடையிலும் இருக்கும். ஆகவே வெளியுறையைக் கண்டு நம்ப வேண்டியதில்லை. பாகங்கள் இருக்கும் பைகளின் ஒட்டு கலையாமல் இருக்கிறதா என்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதே சரியான சோதனை. பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ஆண்டைக் கொண்டும் வயதைக் கணிக்க முடியாது. அது பெரும்பாலும் அச்சு வார்ப்பு முதன்முதலில் உருவான காலத்தைக் குறிக்கும். அதே வார்ப்பில் பல ஆண்டுகள் கழித்து வெளியான மறுபதிப்பிலும் அதே ஆண்டு நிற்கலாம். "கார் 1976-ஐச் சேர்ந்தது, அதனால்தான் பழைய ஆண்டு போட்டிருக்கிறது" என்று விற்பனையாளர் சொன்ன விளக்கம் புதியவரை வாயடைக்கப் போதுமானது. ஆனால் அது பெட்டி எத்தனை காலம் யாருடைய பரணில் கிடந்தது என்ற கேள்விக்குப் பதிலாகாது.

அந்தக் கேள்விக்கு டயர்களே பதில் சொல்லிவிட்டன. மாதிரிக் கார்களின் டயர்கள் பெரும்பாலும் மென்மையான வினைல் போன்ற பொருளால் ஆனவை. அந்தப் பொருளை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய்த்தன்மை கொண்ட இரசாயனம் காலப்போக்கில் மெல்லக் கசியும். பக்கத்தில் காரின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பாகம் தொட்டுக்கொண்டிருந்தால் அதை இளக்கிக் குழியாக்கிவிடும். அதனால்தான் டயர்களைத் தனிப் பையில் இட்டு அனுப்புவார்கள். எனக்கு வந்த பெட்டியில் ஆறு டயர்களும் பையின்றி, பின் இறக்கைப் பாகத்தைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் சிதறிக் கிடந்தன. ஒரு டயரைத் தூக்கியபோது இறக்கைத் தகட்டில் அதன் வட்ட வடிவம் அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது. ஓரிரு வாரங்களில் ஏற்படக்கூடிய பள்ளம் அல்ல அது. யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து, டயர் பையைப் பிரித்து, கட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, வெயில் படும் இடத்தில் நெடுங்காலம் வைத்திருந்த பிறகே அது விற்பனைக்கு வந்திருக்க வேண்டும்.

டெக்கால் தாள், அதாவது நீரில் நனைத்துக் காரின் மேல் நகர்த்தி ஒட்டும் மெல்லிய அச்சுப் படங்கள் உள்ள தாள், இதை உறுதிசெய்தது. பந்தயக் காருக்கு டெக்கால் என்பது அலங்காரம் அல்ல. விளம்பர எழுத்துகளும் பந்தய எண்ணும் இல்லாத பி34 வெறும் நீலப் பிளாஸ்டிக்தான். வெள்ளையாகவோ நிறமற்றோ இருக்க வேண்டிய படலம் பழுப்பேறியிருந்தது. பழுப்பு மட்டும் என்றால் சமாளிக்கலாம்: தாளை வெளிப்படையான உறைக்குள் வைத்து, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டிவைத்தால் மஞ்சள் நிறம் கணிசமாகக் குறையும் என்பது இத்துறையினர் பலரும் செய்து பார்த்த வழி. படலம் நொறுங்கத் தொடங்கியிருந்தால் அந்த வைத்தியம் செல்லாது. இதை அறிவதற்குக் காரில் பயன்படாத ஒரு சிறு டெக்காலை வெட்டிச் சாதாரண நீரில் இட்டுப் பார்ப்பதே முறை. நான் இட்ட துண்டு, தாளைவிட்டு நகரும் முன்பே அப்பளம்போல் பொடிந்துபோனது. மேலே புதிய படலம் ஏற்படுத்தும் திரவங்கள் கிடைக்கின்றன. ஆனால் அதைப் பூசி நொறுங்கும் டெக்காலைக் காப்பாற்றும் பக்குவத்தைப் புதியவரிடம் எதிர்பார்க்க முடியாது. "புதியது" என்ற சொல்லுக்கு விலை வாங்கிய பிறகு அதை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

இவை அனைத்தையும்விட மோசமானது பெயின்ட் விவகாரம். இதில் கிட்டோடு உடல்நலமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. மாதிரிகளுக்குப் பூசும் பெயின்டில் அக்ரிலிக், எனாமல், லேக்கர் என்று முக்கியமாக மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய தின்னர் வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் கலந்தால் பெயின்ட் திரிந்து கட்டியாகலாம். அல்லது கரைப்பான் கடுமையாக இருந்தால் அடியில் உள்ள பூச்சையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடலாம். இந்த வேறுபாட்டைப் பெரிய நிறுவனங்கள் புட்டியிலேயே குறிக்கின்றன. டாமியாவில் எக்ஸ்-20 என்பது எனாமலுக்கு உரிய தின்னர். எக்ஸ்-20ஏ என்பது அக்ரிலிக்குக்கு உரியது. ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் நேர்மையான கடையிலும் புட்டி மாறி வரக்கூடும். ஆனால் அங்கே குறைந்தபட்சம் அந்த எழுத்து இருக்கும். எனக்கு வந்த தின்னர் புட்டியில் "மாடல் அக்ரிலிக் தின்னர்" என்று கணினியில் அச்சிட்டு ஒட்டிய தாளைத் தவிர உட்பொருள், அளவு, எச்சரிக்கைக் குறி, தயாரிப்பாளர் முகவரி எதுவுமே இல்லை. மூடியைத் திறந்ததும் நகப்பூச்சு நீக்கியை நினைவூட்டும் காரமான நெடி அடித்தது. ஹார்டுவேர் கடைகளில் மரச்சாமான் பாலிஷுக்கும் வண்டிப் பெயின்டுக்கும் லிட்டர் கணக்கில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரின் நெடி அது. அதற்கு மாறாக, "அக்ரிலிக்" என்று எழுதியிருந்த நீலப் பெயின்டிலோ மண்ணெண்ணெய் வாடை வீசியது. அதாவது சாதாரண எனாமல்.

தொகுப்போடு வந்த வழிமுறைத் தாள், பெயின்டையும் தின்னரையும் சரிபாதியாகக் கலந்து தட்டைத் தூரிகையால் பூசும்படி சொல்கிறது. அந்தத் தாளில் உள்ளபடியே பிரைமர் அடித்து, நன்கு உலரவிட்டுப் பூசியபோது, பிரைமர் சுருங்கி எழும்பியது. ஓட்டுநர் முன்சக்கரங்களைப் பார்ப்பதற்காக இருக்கையின் இருபுறமும் சிறு ஜன்னல்கள் வைக்கப்பட்டிருப்பது பி34-இன் தனிச்சிறப்பு. மாதிரியில் அந்த ஜன்னல்களைச் சுற்றியிருந்த மெல்லிய விளிம்பு இளகி, தூரிகை போன பக்கமெல்லாம் இழுபட்டது. தகடுகளின் இணைப்புக் கோடுகளும் நிரம்பி மறைந்தன. பிறகு பாகங்களைத் தாங்கியிருக்கும் சட்டத்தின், அதாவது ஸ்ப்ரூவின், ஒரு துண்டை வெட்டித் தின்னரை மட்டும் ஒரு சொட்டு விட்டேன். விரைவிலேயே அந்த இடம் பிசுபிசுத்து, விரல் ரேகை பதியும் அளவுக்குக் குழைந்துவிட்டது. எனாமலுக்கோ அக்ரிலிக்குக்கோ உரிய தின்னர் பாலிஸ்டைரீனை இப்படிக் குழைக்காது. இந்தச் சோதனையைத் தொடர்ச்சியாகக் காணொளி எடுத்து வைத்தேன். பின்னால் மிகவும் பயன்பட்டது அதுவே.

என்.சி. தின்னர்களில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் சேர்ந்திருப்பது வழக்கம். காற்றோட்டமில்லாத அறையில் அதன் ஆவியைச் சுவாசிப்பது தலைவலியோடு நிற்காது. அந்தத் தின்னர் எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட. பள்ளி மாணவர்கள் தம் படிக்கும் மேசையிலேயே வைத்து வேலை செய்யும் பொழுதுபோக்குக்கு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இதை "மாடல் தின்னர்" என்று அனுப்புவதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

புகார் சொன்னபோது வந்த பதில்தான் இப்பதிவை எழுத வைத்தது. "சார், புதிதாகச் செய்பவர்களுக்கு முதலில் இப்படித்தான் ஆகும், கை பழகினால் சரியாகிவிடும்" என்று மிகுந்த பரிவோடு எழுதினார்கள். பிரைமர் எழும்பியது நான் தடிமனாகப் பூசியதால், டெக்கால் பொடிந்தது நீர் சூடாக இருந்ததால், இறக்கையில் விழுந்த பள்ளம் கூரியரில் நசுங்கியதால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. புதியவர் தன் கையைத்தான் முதலில் சந்தேகிப்பார் என்பதே இந்த வியாபாரத்தின் முதலீடு. எனவே எது கையின் குறை, எது சரக்கின் குறை என்பதைப் பிரித்து அறிய வேண்டும். பெயின்ட் வழிந்து திரள்வது, தூரிகைத் தடம் தெரிவது, பளபளப்பில் தூசி ஒட்டுவது, ஆரஞ்சுத் தோல்போல் மேற்பரப்பு அமைவது, பசை கசிந்து விரல் ரேகை படிவது ஆகியவை கையால் வருபவை. பழகப் பழகக் குறையும். உலர்ந்த பூச்சு சுருங்கி எழும்புவது, பிளாஸ்டிக் குழைவது, பெயின்ட் புட்டிக்குள்ளேயே திரிவது, டெக்கால் சாதாரண நீரில் நொறுங்குவது, நாம் தொடாத பாகத்தில் டயரின் வடிவம் பதிந்திருப்பது ஆகியவை இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் கையிலும் அப்படியேதான் நடக்கும்.

சட்டத்தின் பக்கம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. விளம்பரத்தில் கூறிய தன்மைக்கு மாறான பொருளையோ, குறைபாடுள்ள பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 சொல்கின்றன. புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. இறக்குமதி செய்து விற்கும் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி கட்டாயம். எனக்கு வந்த பெட்டியில் அப்படியொரு சீட்டே இல்லை. முறையாக இறக்குமதியான கிட்டில் அந்தச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும் என்பதால், பணம் செலுத்தும் முன் அதன் படத்தைக் கேட்பது எளிய வடிகட்டி. கேட்டவுடன் பேச்சை மாற்றுபவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்த பிறகு, பெயின்டுக்கு உரிய தொகையை மட்டும் திருப்பித் தருவதாகவும், அதற்குப் பதிலாக நான் பகிர்ந்த படங்களை நீக்க வேண்டும் என்றும் விற்பனையாளர் கேட்டார். நான் ஏற்கவில்லை. உதவி எண் நீதிமன்றம் அல்ல. அவர்களால் புகாரை அனுப்பிப் பதில் பெற முயலத்தான் முடியும். ஆகவே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மனு அளித்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பனையாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு அளிக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

இதே தொகுப்பை வாங்கியவர்கள் தின்னர் புட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மூடியை இறுக்கி, குழந்தைகளுக்கு எட்டாத, நெருப்பு அண்டாத இடத்தில் வைத்திருங்கள், ஏனெனில் ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் அதுதான் சான்று. விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், பெட்டியைப் பிரிக்கும் காணொளி, ஸ்ப்ரூ துண்டில் சொட்டுவிட்ட காணொளி ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். பெட்டியை இன்னும் திறக்காதவர்கள், முதலில் டயர்களை எடுத்துத் தனிப் பையில் இடுங்கள். அந்தத் தின்னரை எந்தப் பாகத்திலும் படவிடாதீர்கள்.